எருமை மேல் ஏறிய மோர்

ஒரு காலத்தில், கரிசல் காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடும் நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் ஒரு தகரப் பலகை நின்றது. அந்தப் பலகையில் ஒரே ஒரு சொல் குடியிருந்தது. அதன் பெயர் மோர்.

மோரை அங்கே குடிவைத்தவள் வேலுத்தாய். சாலை போட்டவர்கள் விட்டுப்போன தாரைச் சுரண்டி உருக்கி, தென்னமட்டை நுனியை நசுக்கித் தூரிகையாக்கி, மஞ்சள் அடித்த தகரத்தில் அவளே எழுதினாள். அழகான கையெழுத்து என்று அவள் புருஷன்கூடச் சொல்லவில்லை. ஆனால் பலகையின் நட்ட நடுவில், நாலு பக்கமும் மஞ்சள் காலியாகக் கிடக்க, காலை அகட்டிக்கொண்டு கருகருவென்று நின்றது அந்தச் சொல்.

சாலையில் வருகிற கண்ணுக்குப் பொறுமை கிடையாது. காருக்கு முன்னால் ஓடி வரும். கண்ட இடத்தில் விழும். விழுந்த வேகத்தில் எழுந்து போய்விடும். ஆனால் ஓடைப் பாலம் தாண்டியதுமே அந்தக் கண்ணுக்கு மோர் தெரிந்தது. தெரிந்த பிறகு, "மோர் குடிப்போமா?" என்று வீட்டுக்காரியிடம் கேட்கவும், "குடிச்சா என்ன?" என்று அவள் சொல்லவும், பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்து வண்டியை ஓரங்கட்டவும் நேரம் இருந்தது. நடு உச்சி வருவதற்குள் வாகை மரத்தடியில் இருந்த பானை காலியாகிவிடும்.

பானையும் மோரும் நல்ல சிநேகிதர்கள். "நீ கூப்பிடு, நான் கவனிச்சுக்கிடுதேன்" என்பது அவர்களுக்குள் பேச்சு.

வேலுத்தாய்க்கு இந்தக் கடை விளையாட்டுக் காரியமில்லை. அதற்குமுன் வருஷக்கணக்காகத் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக்கு மருந்து முக்கும் வேலை பார்த்தவள். அந்த நெடியில் இருமல் பிடித்து, ராத்திரியில் உட்கார்ந்தே தூங்கப் பழகிவிட்டாள். சித்திரை பிறந்ததும் வேலையை விட்டு வந்தபோது சூப்பர்வைசர் தேவராசுவிடம், "கடை ஓடுனா இங்ஙனயே இருந்துக்கிடுதேன். ஓடலைன்னா ஆனி ஒண்ணாந் தேதி ஆபீஸ் வேனை எங் கடை முன்னால நிறுத்துங்க, ஏறிக்கிடுதேன்" என்று சொல்லியிருந்தாள். தேவராசு சிரித்துக்கொண்டே, "உனக்கு ஒரு சீட்டு போட்டு வைக்கேன்" என்றார்.

சித்திரை முழுக்கப் பானை காலியானது. வேலுத்தாய் படுத்துத் தூங்கினாள்.

வைகாசியில் அவள் அண்ணன் சீனிச்சாமி கடை பார்க்க வந்தார்.

சீனிச்சாமி சும்மா ஆள் இல்லை. ஒருமுறை வார்டு தேர்தலில் நின்று தோற்றவர். தோற்ற நாளிலிருந்து வெள்ளை வேட்டி, சட்டை தவிர வேறு உடுத்துவதில்லை. அவர் பலகைக்கு முன்னால் வந்து நின்று, எழவு வீட்டு வாசலைப் பார்ப்பதுபோல் தலையை ஆட்டினார்.

"என்ன தாயி இது? மொட்டையா ஒத்தச் சொல்லு. கடைக்குப் போர்டுன்னா ஒரு மரியாதை வேண்டாமா?"

"மோரு இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்லண்ணே."

"மோரு மாடு வச்சிருக்கிறவன் எல்லாரு வீட்டுலயும் இருக்கு. நம்ம குடும்பம் எல்லாரு வீட்டுலயும் இருக்கா?"

அந்தக் கேள்விக்கு யாரால்தான் பதில் சொல்ல முடியும். அண்ணன் கேட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே நினைத்துப் பழகியவள் வேலுத்தாய்.

மறுநாளே ஆர்ட்டிஸ்ட் செல்வின் பெயின்ட் டப்பாக்களோடு வந்து இறங்கினார். அவரோடு சொற்களும் வந்து இறங்கின.

முதலில் வந்தது முருகன் துணை. சாமி காரியம். "நான்பாட்டுக்கு உச்சியில ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன்" என்றது. மோர் பதறிப்போய், "ஐயோ, நல்லா உக்காருங்க சாமி" என்று ஒரு சாண் கீழே இறங்கியது.

அடுத்து வேலுத்தாயின் மாமனார் படமாக வந்தார். வட்டத்துக்குள் மீசை, வட்டத்தைச் சுற்றி மாலை. கீழே 'அமரர் வெயிலுமுத்து அவர்களின் நல்லாசியுடன்' என்ற நீண்ட வரி, வரும்போதே மூச்சு வாங்கியது. வெயிலுமுத்து உயிரோடு இருந்தவரை, மோர் குடித்தால் சளி பிடிக்கும் என்று டம்ளரைத் தொட்டதில்லை. இருந்தாலும் பெரியவர் அல்லவா. மோர் இடப்பக்கம் ஒதுங்கியது.

பிறகு, 'சீனிச்சாமி, முன்னாள் வார்டு உறுப்பினர் வேட்பாளர்' என்ற பெயர் சிவப்பில், நிழல் வைத்து, சரிகைக் கரை போட்டுக்கொண்டு வந்தது. அது இடம் கேட்கவில்லை. மோர் இருந்த இடத்தைப் பார்த்தது. மோர் எழுந்து கொடுத்தது.

அதற்குப் பின்னால் தரம், சுவை, நம்பிக்கை என்ற மூன்று சகோதரிகள் கை கோத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் எந்தக் கடைக்கும் சேர்ந்தேதான் போவார்கள். தனித்தனியாகப் பார்த்தவர்கள் கிடையாது. அப்புறம் சீனிச்சாமியின் செல்போன் நம்பர், பத்து ஒல்லிப் பையன்களாக வரிசை கலையாமல் வந்து நின்றது. கடைசியாக, 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்ற வாக்கியம் பட்டுத் துண்டை உதறிக்கொண்டு வந்தது.

"கிளையே கேட்கலியே யாரும்" என்றது பானை கீழே இருந்து.

"கேட்பதற்கு முன்பே மறுப்பதுதான் பெரிய நிறுவனங்களின் வழக்கம்" என்றது அந்த வாக்கியம், அச்சுப் பேச்சில்.

மோருக்கு இதெல்லாம் தவறாகவே படவில்லை. வருகிறவர்களை உபசரிப்பதுதான் அதன் பிறவிக் குணம். "வாங்க, வாங்க. இப்படி உக்காருங்க. எனக்கென்ன, ஒரு மூலை போதும்" என்று நகர்ந்து நகர்ந்து, கடைசியில் பலகையின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டெறும்பு அளவுக்கு வந்து நின்றது. அதற்கும் கீழே செல்வின் தன் பெயரையும் நம்பரையும் எழுதி, பூ ஒன்று போட்டு முடித்தார்.

சீனிச்சாமி தூரத்தில் போய் நின்று பார்த்தார். தூரம் என்றால் பத்தடி தூரம். "இப்பத்தான் கடை மாதிரி இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து சாலைக் கண்களின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பாலம் தாண்டி வந்த கண்ணுக்கு, மஞ்சள் தகரத்தில் யாரோ கலர் சோற்றைக் கொட்டியதுபோல் ஏதோ தெரிந்தது. கிட்ட வந்து 'முருகன்' வரை படிப்பதற்குள் வண்டி கடையைத் தாண்டிவிடும். ஒரு கண் மட்டும் மிகவும் முயற்சி எடுத்து 'அமரர்' வரை படித்தது. படித்ததும் ஓட்டுநரின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கார் நிற்கவில்லை.

ஒருநாள் நாலைந்து கார்கள் கொடி கட்டிக்கொண்டு சரசரவென்று வந்து நின்றன. வேலுத்தாய் சந்தோஷமாக டம்ளர்களை அலசினாள். காரிலிருந்து இறங்கியவர்கள் பானைப் பக்கம் வரவில்லை. நேராகப் பலகைக்கு முன்னால் போய்க் கூடினார்கள். தலைவர்போல இருந்தவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வெயிலுமுத்துவின் படத்துக்குப் பெரிய ரோஜா மாலை போட்டார். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள்.

"எந்தப் போராட்டத்துல போனாக?" என்று ஒருவர் மெதுவாக வேலுத்தாயிடம் கேட்டார்.

"போராட்டமெல்லாம் இல்ல. வயித்துப் போக்கு" என்றாள் அவள்.

கேட்டவர் அதைத் தலைவரிடம் சொல்லவில்லை. தலைவர், இந்த மண்ணுக்காகத் தம்மை இழந்தவர்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். பேசியதில் தொண்டை வறண்டுபோனது. காரில் ஏறி, ஊருக்குள் போய் சோடா குடிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

பலகையில் இருந்த சொற்களுக்குத் தலை கால் புரியவில்லை. "பார்த்தீர்களா, மாலையே விழுந்துவிட்டது" என்றது 'வேறு கிளைகள் இல்லை'. தரம், சுவை, நம்பிக்கை மூவரும் கைதட்டினார்கள். மாலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மோரின் மேல் ரோஜாத் தண்ணீர் சொட்டியது.

அன்று சாயங்காலம் பானை வாயைத் திறந்தது. திறந்ததும் வாகை மரமே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"புளிச்சுப்போய்ட்டேன்" என்றது பானை. "நேத்தும் புளிச்சேன், இன்னைக்கும் புளிச்சேன். தினமும் அவ என்னைத் தூக்கிட்டுப்போய் மரத்து வேர் மூட்டுல ஊத்துதா. ஊத்தும்போது அவ மூஞ்சியைப் பாத்தியா? ஏன் நீ கூப்பிட மாட்டேங்க?"

"கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்கே கேக்கலியே. நான் உனக்கு நேர் கீழ இருக்கேன்."

மோர் தயங்கித் தயங்கி மற்ற சொற்களிடம் சொன்னது: "பானை புளிக்குது. ஆனி பிறந்தா வேன் வந்துரும். அந்தப் பிள்ளை மறுபடியும் மருந்து நெடிக்குப் போகணும். எல்லாரும் கொஞ்சம் தள்ளி உக்காந்தா நல்லாருக்கும்."

உடனே பலகையில் கூட்டம் கூடியது. வியாபாரம் ஏன் நடக்கவில்லை என்று எல்லோரும் தீர யோசித்து, பலகையில் விவரம் போதவில்லை என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். 'கனிவான உபசரிப்பு' என்றும் 'கார் நிறுத்த இட வசதி உண்டு' என்றும் இரண்டு பேரைக் கூடுதலாகக் கூப்பிட வேண்டும். ஆனால் இடம் இல்லை. யாராவது ஒருவர் இறங்க வேண்டும்.

முருகன் துணையை இறக்க முடியாது, சாமி குத்தம். மாமனாரை இறக்கினால் சம்பந்தம் முறியும். சீனிச்சாமியை இறக்குவதைப் பற்றி நினைக்கவே யாருக்கும் தைரியம் இல்லை. சகோதரிகள் பிரிய மாட்டார்கள். செல்போன் நம்பரில் ஒரு பையனை இறக்கினால் ஃபோன் வேறு எங்கோ போகும். ஓவியர் பெயரைத் தொட்டால் ஓவியர் வரமாட்டார். எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கடைசியில் கேட்க நாதியில்லாத ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

"நான்தானே கடை?" என்றது மோர்.

"கடை என்பது பெரிய விஷயம்" என்றது 'வேறு கிளைகள் இல்லை'. "அதை ஒரு பண்டத்தோடு குறுக்கக் கூடாது."

மறுநாள் சீனிச்சாமியும் செல்வினும் அதே முடிவுக்குத் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

"மோருங்கிறதை எடுத்துரவா அண்ணாச்சி? அந்த இடத்துல இட வசதியைப் போட்டுரலாம்."

"எடுத்துரு. அதான் பானை கீழயே இருக்குல்ல. பாக்குறவனுக்குத் தெரியாதா?"

வேலுத்தாய் ஏதோ சொல்ல வந்தாள். வந்த சொல் இருமலாக மாறிப் போய்விட்டது. செல்வின் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரே இழுப்பு இழுத்தார். மோர் பலகையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது.

உலகத்தில் எத்தனையோ கடைகளில் எத்தனையோ கூத்து நடக்கிறது. ஆனால் விற்கிற சாமானைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லுகிற பலகையோடு ஒரு கடை வெயிலில் காய்ந்துகொண்டு நின்றது அன்றுதான்.

மோர் சாலையோரமாக நடந்து போனது. கொஞ்ச தூரத்தில் ஒரு மைல்கல் நின்றது. "அண்ணாச்சி, உங்க மேல கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று கேட்டது மோர்.

"எம்மேல ஊரும் தூரமும் மட்டுந்தான் இருக்கலாம்" என்றது மைல்கல். "நீ ஊரா?"

"இல்லை."

"தூரமா?"

"இப்போதைக்கு ஆமா."

"எத்தன கிலோமீட்டர்?"

மோருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது கடந்துபோன பஸ் ஒன்றின் முதுகில் தொற்றப் பார்த்தது. அங்கே ஹெல்மெட்டும், நகைக் கடையும், படியில் நிற்காதேயும் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். "அடுத்த வண்டியில வா" என்று விரட்டிவிட்டார்கள்.

கடைசியில் அது கடைக்குப் பின்னால், உடைமர நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்த வேலுத்தாயின் எருமையிடம் வந்து சேர்ந்தது. எருமை பெரிய எருமை. படுத்திருந்தால் ஒரு சின்ன மேடு என்று நினைத்து ஆள் ஏறிவிடுவான்.

"கொஞ்சம் இடம் கிடைக்குமா தாயி?" என்று கேட்டது மோர்.

"எதுக்கு?"

"நிக்கிறதுக்கு."

"நில்லு."

அவ்வளவுதான் பேச்சு. எருமைக்கு வளவளவென்று பேசத் தெரியாது. மோர் அதன் விலாவில் ஏறி, பழையபடி காலை அகட்டிக்கொண்டு நின்றது. கார்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு கண்கூடத் திரும்பவில்லை.

"ஏறிட்டியா?" என்று கொஞ்ச நேரம் கழித்து எருமை கேட்டது.

"ஏறி ரொம்ப நேரமாச்சே."

"எங்க நிக்க? எனக்கே தெரியல."

மோர் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டது. தாரில் பிறந்த உடம்பு. எருமையும் கறுப்பு, தானும் கறுப்பு. இறங்கிப் போய், சுவருக்கு அடிக்கக் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்புத் தொட்டியில் தலையோடு முங்கி எழுந்து வந்தது. இப்போது அது உண்மையான மோரைப் போலவே வெள்ளை வெளேரென்று இருந்தது. மறுபடியும் ஏறி நின்றதும், கறுப்பு மேட்டில் வெள்ளையாக, பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

முதலில் ஒரு லாரி நின்றது. அப்புறம் ஒரு கார் நின்றது. காரில் இருந்தவர் இறங்கி, எருமையின் முகத்தைப் பார்த்து, "ஒரு மோர் குடுங்க" என்றார். எருமை அவரைப் பார்த்தது. அதற்குத் தாகம் எடுத்துவிட்டது. எழுந்து கண்மாயைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

கடை நகர்கிறதே என்று காரும் பின்னால் போனது. லாரியும் போனது. பாலத்தில் எருமையைப் பார்த்துவிட்டு வந்த வேன் ஒன்று, அந்தப் பக்கம் ஏதோ பெரிய ஓட்டல் இருக்கிறது போலிருக்கிறது என்று அவர்களுக்குப் பின்னால் போனது. வண்டிப்பாதையில் புழுதி பறக்க, எருமை முன்னால், வாகனங்கள் பின்னால் என்று ஊர்வலம் போவதைப் பார்த்த வேலுத்தாய், ஒன்றும் விளங்காவிட்டாலும் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். கண்மாய்க் கரையில் வைத்துப் பானை காலியானது. எருமை தண்ணீரில் இறங்கப் பார்த்தது. "அம்மா தாயி, சுண்ணாம்பு கரைஞ்சிரும், நான் செத்தேன்" என்று மோர் கெஞ்சவே, கரையில் நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பியது.

எருமை மேல் எழுதியது யார் என்று வேலுத்தாய் விசாரிக்கவில்லை. காலியான பானையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். மறுநாளிலிருந்து எருமையைக் கடைக்கு முன்னால் கட்டினாள். அது சாலைக்கு முதுகைக் காட்டி நின்றால் வெறும் வால்தான் தெரிந்தது. ஆகவே வைக்கோலை இந்தப் பக்கமும் தண்ணீர்த் தொட்டியை அந்தப் பக்கமும் வைத்து, விலா முழுதும் பாலத்தைப் பார்த்து நிற்கும்படி பழக்கினாள். வைகாசி முடிவதற்குள் பானை பழையபடி நடு உச்சியில் காலியாக ஆரம்பித்தது. ஆனாலும் அவளுக்கு உள்ளூர பயம் போகவில்லை. நல்லது எதுவும் தன்னிடம் ரொம்ப நாள் தங்கியதில்லை என்று நினைத்தாள்.

அவள் பயந்தது சரிதான். ஆனி ஒண்ணாந் தேதி காலையில் சீனிச்சாமி வந்து இறங்கினார். கூடவே கட்சிக்காரர்கள் இரண்டு பேர், செல்வின், சிவப்புப் பெயின்ட் டப்பா. வந்தவர்கள் வாகை மரத்தடியில் கிடந்த ஒரே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

"எருமைக்கு நல்ல பேருன்னு கேள்விப்பட்டேன்" என்றார் சீனிச்சாமி. "இது உன் கல்யாணத்துக்கு நான் சீரா ஓட்டிவிட்ட எருமைல்ல தாயி?"

"ஆமாண்ணே."

"அப்ப எம்பேரு வேண்டாமா அதுல? எவ்வளவு இடம் சும்மா கிடக்கு பாரு. முதுகுல நம்ம பேரு, தொடையில நம்பரு, கழுத்துல மாமா படம். ஆர்ட்டிஸ்ட், ஆரம்பிங்க."

வேலுத்தாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அண்ணே..." என்றாள்.

அங்கே பலகையிலிருந்து சொற்களும் இறங்கி வந்துவிட்டன. முருகன் துணை மட்டும் வரவில்லை. தனக்கு மயிலே போதும் என்று இருந்துகொண்டது. மற்ற எல்லோரும் எருமையின் காலடியில் கூடி நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"தம்பி மோர், சௌக்கியமா?" என்றது சீனிச்சாமியின் பெயர். "கொஞ்சம் வால் பக்கம் நகர்ந்தீங்கன்னா நாங்களும் ஏறிக்கிடுவோம்."

"வாங்..." என்று ஆரம்பித்தது மோர். பழக்க தோஷம். அதன் ஒரு கால் தானாகவே வால் பக்கம் நகர்ந்துவிட்டது.

"நகராத" என்றது பானை. "அங்க பாரு."

பாலத்துக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்துகொண்டிருந்தது. வேனுக்கு முன்னால் டிரைவரின் கண் ஓடி வந்தது. காலை வெயிலிலேயே களைத்துப்போன கண். அது வரப்பு, மரம், கம்பம் என்று எதிலெதிலோ மோதி மோதி, உட்கார ஓர் இடம் தேடிக்கொண்டு வந்தது. மோர் அதைப் பார்த்தது. எத்தனையோ நாளாக வரவேற்று உட்காரவைத்தவர்கள் யார், உட்கார இடமில்லாமல் போனவர்கள் யார் என்று அதற்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. நகர்த்திய காலைப் பழைய இடத்தில் ஊன்றிக்கொண்டது.

"இடம் இல்லை" என்றது.

"என்ன தம்பி இப்படிச் சொல்லுதீங்க? உங்களைச் சுத்தி இவ்வளவு இடம் சும்மா கிடக்கே."

"சும்மா கிடக்கல. அது தாகத்தோட வர்ற கண்ணு உக்காருற இடம். ஆளு வர்ற நேரம். தள்ளி நில்லுங்க."

"நாங்க யாருன்னு தெரிஞ்சுதான் பேசுதீங்களா?" என்று வெயிலுமுத்துவின் வட்டப் படம் மீசையைத் துடிக்கவைத்தது. "நான் மாமனாரு."

அதுவரை அசைபோட்டுக்கொண்டிருந்த எருமை தலையைத் திருப்பியது. "யாருக்கு?" என்று கேட்டது. எருமை வாலைச் சுழற்றி ஒரு வீசு வீசியது. முதல் எழுத்துக்குக் கோடு போடக் குனிந்திருந்த செல்வினின் கையிலிருந்த டப்பா கவிழ்ந்து, சிவப்பு முழுவதும் அவர் சட்டையிலேயே எழுதப்பட்டது.

வேன் வந்து நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு பெண்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள்.

"பாலத்துலயே தெரிஞ்சிருச்சு. குடிக்காமப் போகமாட்டோம்னு ஒரே சத்தம்" என்றார் தேவராசு, முன்பக்கத்திலிருந்து இறங்கிக்கொண்டே. "நீயும் வெரசா கிளம்பு வேலுத்தாய். உன் சீட்டு காலியாத்தான் இருக்கு."

வேலுத்தாய் அவரைப் பார்க்கவில்லை. முன்பு தன் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து முக்கிய முனியம்மாளைப் பார்த்தாள். முனியம்மாளுக்கு இப்போது எட்டு மாதம். வெயிலில் ஒரு கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு, உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் சீனிச்சாமி செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு கட்சிக்காரர், இந்தப் பக்கம் ஒரு கட்சிக்காரர். நடுநடுவே மிச்சமிருந்த இடத்தில் அவர்களுடைய துண்டுகள் உட்கார்ந்திருந்தன.

வேலுத்தாய் வாயைத் திறந்தாள். இருமல் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அண்ணே, எந்திரிங்க" என்றாள்.

சீனிச்சாமி போனைக் காதிலிருந்து எடுத்தார். "என்ன சொன்ன?"

"எந்திரிங்கண்ணே. ஆளு வந்துருக்கு."

"நான் யாரு தாயி அப்ப?"

"நீங்க எங்கண்ணன். அவுக குடிக்க வந்தவுக." பிறகு தேவராசு பக்கம் திரும்பி, "அந்த சீட்டுல வேற யாரையாவது ஏத்திக்கிடுங்க. எனக்கு இங்க வேலை கிடக்கு" என்றாள்.

கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் எழுந்தார்கள். சீனிச்சாமி தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்குத் தெரிந்த வேலுத்தாய் அகப்படவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அவர் எழுந்த பிறகுதான் அந்த பெஞ்ச் எவ்வளவு நீளம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.